வடிச்சல் தண்ணீருக்கு எந்தக் கட்டுப்பாடு? தம்பலகாமத்துக்கு ஒன்று, நிலாவெளிக்கு வேறு

தம்பலகாமத்தில் ஒரு கமக்காரர் அமைப்பின் செயலாளர் கேட்டார்: "வடிச்சலைப் பற்றிப் போகத்து ஆரம்பக் கூட்டத்தில் ஏதாவது தீர்மானம் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எதை எடுத்தால் எங்களால் செய்ய முடியும்?" கிண்ணியாவில் தோணி வைத்திருக்கும் ஒரு நானா வேறு மாதிரிக் கேட்டார்: "உழவு தொடங்கினால் களப்புத் தண்ணி தேத்தண்ணி நிறத்துக்கு வருது. இதுக்கு ஒரு சட்டம் இல்லையா?" நிலாவெளிக்கு வடக்கே வெங்காயம் வைக்கும் ஒரு அக்காவின் கேள்வி இன்னும் சின்னது: "எங்கட தோட்டக் கிணத்துத் தண்ணியைப் பேரப்பிள்ளைக்குக் குடுக்கலாமா?"

மூன்றும் உள்ளுக்குள் ஒரே கேள்விதான். பயிருக்குப் பாய்ச்சிய தண்ணீர் வெளியே போகும்போது பசளையையும் மருந்தையும் சேற்றையும் தூக்கிக்கொண்டு போகிறது. அதை எப்படி அடக்குவது? ஆனால் பதில் மூன்று பேருக்கும் ஒன்றாக இருக்க முடியாது. கந்தளாய்க் குளத்தின் கீழே உள்ள களிமண் வயலில் தண்ணீர் பக்கவாட்டில் ஓடுகிறது: வக்கடை (வரம்பில் தண்ணீர் விட வெட்டும் வாய்), வடிச்சல் வாய்க்கால், தம்பலகாமக் குடா, பிறகு கிண்ணியாப் பாலத்தின் அடியால் கொட்டியாரக்குடா. நிலாவெளி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி மணலில் அது நேரே கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிட்டுத் திருகோணமலை மாவட்டம் முழுவதற்கும் ஒரே விதி போட்டால் அது ஒரு பக்கம் வீண்செலவு, மறுபக்கம் வெறும் பேச்சு.

## முதலில், எதை வைத்து எடை போடுவது

ஐந்து விடயங்களைப் பார்க்கிறேன். வெளியே போவது என்ன என்பது முதலாவது. யூரியாவின் நைதரசன் தண்ணீரில் கரைந்து போகும். பொசுபரசு பெரும்பாலும் சேற்றோடு ஒட்டிக்கொண்டு போகும். களைநாசினி சிலது கரைந்தும் சிலது ஒட்டியும் போகும். ஒன்றைப் பிடிக்கும் வழி மற்றதைப் பிடிக்காது.

இரண்டாவது, விதி மீறப்பட்டதை யார் பார்ப்பது. என்னைக் கேட்டால் மற்ற நான்கையும் விட இதுதான் பெரிது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வரம்பில் நடந்து போகும்போது கண்ணால் காணக்கூடிய விதி நிற்கும். கொழும்புக்குப் போத்தல் அனுப்பிப் பார்க்க வேண்டிய விதி ஒரு போகம்கூடத் தாங்காது.

மூன்றாவது, செலவு யார் தலையில் விழுகிறது. நம் பக்கம் நிறையக் காணி குத்தகையில் ஓடுகிறது. காணிக்காரர் நகரத்தில் இருப்பார். குத்தகைக்காரர் அடுத்த போகம் இருப்பாரோ தெரியாது. வரம்பை உயர்த்து, ஓரத்தில் புல் வை என்றால் யாருடைய பணத்தில்?

நான்காவது, மாரிக்குத் தாங்குமா. சிறுபோகத்தில் தண்ணீர் நம் கையில். பெரும்போகத்தில், கார்த்திகை மார்கழியில் வானம் திறந்துவிட்டால் எந்த வக்கடையும் நில்லாது. ஐந்தாவது, மேல்கண்டமும் கீழ்க்கண்டமும், அதாவது மேலேயும் கீழேயும் உள்ள வயல் தொகுதிகள். கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா என்று வரிசையாக இறங்கும் தண்ணீர் மூன்று சமூகத்தையும் இரண்டு மொழியையும் தாண்டித்தான் கடலைத் தொடுகிறது. கீழே இருப்பவருக்கு மட்டும் விதி போட்டால் அது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

அவசரமானவர்களுக்காக அட்டவணையை முன்னுக்கே வைத்துவிடுகிறேன். காரணம் பின்னால்.

| வழி | எதைப் பிடிக்கும் | யார் பார்க்க முடியும் | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| ஒவ்வொரு காணிக்கும் அனுமதிப்பத்திரம் | சட்டத்தில் எல்லாம் | ஆய்வுகூடம், அதிகாரி | கடதாசி, காத்திருப்பு, சிறு விவசாயி வெளியேறுவது | அரிசி ஆலை, பெரிய பண்ணை |
| பசளை, மருந்தில் கை வைத்தல் | மூலத்திலேயே எல்லாம் | கடை, கமநல சேவை நிலையம் | விளைச்சல், களவுச் சரக்கு | மணல் தோட்டம். தடை அல்ல, அளவு |
| தண்ணீரை மறித்து வைத்தல் | கரைந்த நைதரசன், மருந்து, ஓரளவு சேறு | வட்டவிதானை, பக்கத்து வயல்காரர் | வயலுக்கு வயல் பாய்ச்சலில் தகராறு, உவர் | களிமண் வயல், சிறுபோகம் |
| கண்டத்துக்கு ஒரு அளவு, கூட்டுப் பொறுப்பு | வாய்க்கால் முனையில் வருவதெல்லாம் | விவசாயியும் மீனவரும் சேர்ந்து | ஒருவர் தப்பு, எல்லார் தலையில் | ஒரே வடிச்சலில் விழும் கண்டம் |
| வடிச்சலில் பன் (பாய் இழைக்கும் கோரை), புல், குட்டை | சேறு, பொசுபரசு, கொஞ்சம் நைதரசன் | எல்லாரும் | நிலம், வருடாவருடம் வெட்டுவது | வடிச்சல் முனை, மாரி காலம் |

## ஒவ்வொரு காணிக்கும் அனுமதிப்பத்திரம்

கிண்ணியா நானா கேட்ட "சட்டம்" இதுதான். ஆலைக்கு இருப்பதுபோல வயலுக்கும் உரிமம், பரிசோதனை, தண்டம்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் கழிவு விடும் தொழில்களுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. அரிசி ஆலை அந்தப் பட்டியலில் வருகிறது. நெல் வயல் வராது. இது நம் நாட்டின் குறை என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம் 1972இல் வந்தது. 1977இல் அவர்களே அதைத் திருத்தி, பாசன வயலிலிருந்து திரும்பி வரும் தண்ணீருக்கு அந்த உரிமம் தேவையில்லை என்று விலக்கிவிட்டார்கள். காரணம் எளிது. ஆலைக்கு ஒரு குழாய்; குழாய் வாயில் போத்தலைப் பிடித்தால் போதும். வயலுக்கு நூறு வாய், அதிலும் மழை பெய்தால் வரம்பே வாய்.

கலிபோர்னியாவின் மத்திய பள்ளத்தாக்கில் 2003 முதல் மாநிலச் சட்டத்தின் கீழ் வயல் வடிச்சலுக்கும் நிபந்தனை உண்டு. ஆனால் அங்கேயும் ஒவ்வொரு விவசாயியின் வாய்க்காலிலும் போத்தல் பிடிக்கவில்லை. விவசாயிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, ஆற்றிலும் பொது வடிச்சலிலும் சேர்ந்து அளந்து, சேர்ந்து அறிக்கை கொடுக்கிறார்கள். ஒருவருக்கே ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கும் ஊரிலேயே தனித்தனியாக அளப்பது கட்டவில்லை. இரண்டு, மூன்று ஏக்கர்க்காரர் நிறைந்த தம்பலகாமத்தில் அதை யோசிப்பதே நேர விரயம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உரிமம் என்று வந்தால் அது காணி உறுதியைக் கேட்கும். உறுதி சரியில்லாதவர், போரில் இடம்பெயர்ந்து திரும்பியவர், குத்தகைக்காரர் எல்லாரும் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். தண்ணீர் சுத்தமாகுமோ தெரியாது, ஆட்கள் குறைவார்கள்.

## பசளையிலும் மருந்திலும் கை வைத்தல்

போடாவிட்டால் போகாது. தர்க்கம் சரிதான். ஆனால் இதைச் சொல்லும்போது 2021 ஞாபகம் வராத விவசாயி கிழக்கில் இல்லை. அந்த ஆண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். இடையில் விதைத்த பெரும்போகம் மஞ்சளித்துப் போனது. 2015இல் கிளைபோசேற்றைத் தடை செய்தபோதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியபோதும், களவுச் சரக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. லேபல் இல்லாத போத்தலில் என்ன இருக்கிறது, எவ்வளவு கலக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. தடை தண்ணீரைக் காப்பாற்றவில்லை, விலையைத்தான் ஏற்றியது என்பது என் கருத்து.

தடை வேறு, அளவு வேறு. இலை நிற அட்டையை வைத்துப் பார்த்து யூரியா போடுவது, ஒரேயடியாகக் கொட்டாமல் மூன்று நான்கு தரம் பிரித்துப் போடுவது, மண் பரிசோதனை பார்த்து, ஏற்கனவே பொசுபரசு தேங்கியிருக்கும் வயலில் ரி.எஸ்.பி. என்ற பொசுபரசுப் பசளையைக் குறைப்பது. இவை எல்லாம் விவசாயப் போதனாசிரியர் வருடக்கணக்காகச் சொல்வதுதான். இவற்றை விதியாக்க முடியாது, ஏனென்றால் யாரும் பார்க்க முடியாது. பழக்கமாகத்தான் வர வேண்டும். பசளையின் விலை ஏறிக் கிடக்கும்போது அந்தப் பழக்கம் தானாக வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

நெல் வயலுக்கு இது துணை வழி. மணல் தோட்டத்துக்கு இதுதான் முதல் வழி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

## தண்ணீரை மறித்து வைத்தல்

பசளை எறிந்த பின், மருந்து அடித்த பின், இத்தனை நாளுக்கு வக்கடை திறக்கக்கூடாது. அவ்வளவுதான் விதி. கேட்க அற்பமாக இருக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம்.

ஒரு ஏக்கரில் இரண்டு அங்குலம், அதாவது 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் அது ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர். அதில் அரை மூடை, 25 கிலோ யூரியா எறிகிறீர்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆக 11.5 கிலோ. அன்று பின்னேரமே வக்கடையால் 2 சென்ரிமீற்றர் தண்ணீர் இறங்கிவிட்டால், கரைந்த யூரியாவில் ஐந்தில் இரண்டு பங்கு வெளியே போய்விடும். 10 கிலோ யூரியா. உங்கள் பணம், களப்பின் பாசி.

ஏன் அன்றைக்கே என்று சொல்கிறேன் என்றால், யூரியாவை யூரியாவாக மண் பிடித்து வைக்காது; அது தண்ணீரோடு போகும். சில நாட்களில் அது அமோனியமாக மாறிய பின்புதான் களிமண் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சில நாட்கள்தான் முழு விடயமும். ஒரு கிழமை அடைத்து வைத்தால் பெரும்பகுதி தப்பிவிடும். எனக்கே இது பட்டுத்தான் தெரியும். ஒரு சிறுபோகம் காலையில் யூரியா எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் நண்டு வளை ஒன்று பெருத்து வரம்பு உடைந்து, தண்ணீர் முழுக்க வடிச்சலில் போய்க்கொண்டிருந்தது. அந்தத் துண்டு கதிர் வரும் வரைக்கும் வெளிறிப்போய்த்தான் நின்றது.

மருந்தில் இந்த விதி என்ன செய்யும் என்பதற்கு நல்ல சாட்சி கலிபோர்னியாவின் நெல் வயல்கள்தான். 1980களின் தொடக்கத்தில் அங்கே வடிச்சல் வாய்க்கால்களில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. சக்ரமெண்டோ நகரத்தின் குழாய்த் தண்ணீர் கசந்தது. மீனுக்குக் காரணம் மொலினேற், கசப்புக்குக் காரணம் தயோபென்கார்ப். இரண்டும் நெல்லுக்கு அடிக்கும் களைநாசினி. அவற்றை அப்போது தடை செய்யவில்லை. மருந்தடித்த தண்ணீரை வயலிலேயே மறித்து வைக்கும் காலத்தைச் சில நாட்களிலிருந்து படிப்படியாக நான்கு கிழமை வரைக்கும் நீட்டினார்கள். மருந்து வெயிலிலும் மண்ணிலும் சிதைந்துபோனது. ஆற்றுக்கு வந்த அளவு பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

நாம் நான்கு கிழமை மறிக்க முடியாது. நம்முடையது பெரும்பாலும் விதைப்பு வயல். முளைக்கும் நெல்லை மூழ்கடித்தால் அழுகிவிடும். முளைத்த களைக்கு அடிக்கும் மருந்து சிலதுக்குத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் அடிக்கவே வேண்டும். ஆகவே நமக்குப் பொருந்தும் விதி இது: மருந்துக்கு முன் வடி, மருந்துக்குப் பின் அடை. வடிக்கிற தண்ணீர் மருந்து படாத தண்ணீர். பிறகு பாய்ச்சுகிற தண்ணீர் உள்ளேயே நிற்க வேண்டும். லேபலில் நாள் போட்டிருந்தால் அந்த நாள், இல்லாவிட்டால் ஒரு கிழமை.

விதைப்புக்கு முன்னால் வடிக்கும் சேற்றுத் தண்ணீர் தனிக் கதை. கிண்ணியா நானா சொன்ன தேத்தண்ணி நிறம் அதுதான். உழுது, பலகை அடித்து மட்டப்படுத்திய அன்றே வக்கடையை வெட்டினால் வயலின் மேல்மண்ணும், அதில் ஒட்டிய பொசுபரசும் குடாவுக்குப் போகிறது. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் விட்டால் சேறு படிந்து மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும், அதை வடிக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் இந்தத் தம்பலகாமக் குடாவில் கண்ணாடிபோல மெல்லிய ஓடுள்ள ஒரு சிப்பியிலிருந்து முத்தெடுத்தார்கள். அடித்தளத்தில் கிடந்து தண்ணீரை வடிகட்டிச் சாப்பிடும் உயிர் அது. சேறு அதிகமானால் முதலில் மூச்சுமுட்டுவது இப்படிப்பட்டவைதான்.

யப்பானில் பிவா ஏரிக்கும் இதே வியாதி. நாற்று நடும் காலத்தில் சுற்றியுள்ள வயல்களின் கலங்கல் தண்ணீர் ஏரியில் விழுகிறது. ஷிகா மாகாணம் 2003இல் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்து, கலங்கல் தண்ணீரை விடாமல், பசளையையும் மருந்தையும் பாதியாகக் குறைத்த விவசாயிக்கு அடுத்த ஆண்டு முதல் நேரடியாகப் பணம் கொடுத்தது, நெல்லுக்கு முத்திரையும் கொடுத்தது. நம் திறைசேரியை நம்பி அந்தப் பாதையில் இறங்க நான் சொல்லமாட்டேன்.

இனி மறைந்த செலவு. இதைத்தான் கூட்டத்தில் செயலாளரிடம் முதலில் கேட்பார்கள். நம் கண்டங்களில் பல இடத்தில் வயலுக்கு வயல் பாய்ச்சல். மேல் வயலின் வக்கடையால் வருவதுதான் கீழ் வயலின் பாசனம். மேலே உள்ளவர் ஒரு கிழமை அடைத்தால் கீழே உள்ளவர் காய்வார். இதற்கு ஒரே வழி, ஒரு வாய்க்காலில் பாயும் எல்லாரும் ஒரே இரண்டு மூன்று நாளுக்குள் யூரியா எறிவது. முறைத்தண்ணீர் ஓடும் சிறுபோகத்தில் இது நினைப்பதைவிட எளிது: தண்ணீர் வரும் முறை முடிந்த பின் எறி, அடுத்த முறை வரும் வரைக்கும் அடை. ஆனால் விதைப்பே ஒருவர் இன்றைக்கு, மற்றவர் இரண்டு கிழமை கழித்து என்றால் ஒன்றும் நடக்காது. விதைப்பு முடிவுத் திகதியை உண்மையாகவே பிடிக்க வேண்டும்.

குடாவுக்குக் கிட்டிய கீழ்க்கண்டங்களில் உவர் பிரச்சினையும் இருக்கிறது. அங்கே தண்ணீரைத் தேக்கியே வைத்தால் உப்பு மேலே வரும். அவ்வப்போது கழுவி விடத்தான் வேண்டும். அந்தத் துண்டுகளுக்கு விதிவிலக்கு வைக்கலாம், பசளைக்கு முன் கழுவு என்ற நிபந்தனையோடு.

இத்தனைக்கும் பிறகும் எனக்கு இந்த வழி பிடிப்பதற்குக் காரணம் ஒன்று. திறந்த வக்கடையை ஒளிக்க முடியாது.

## கண்டத்துக்கு ஒரு அளவு, கூட்டுப் பொறுப்பு

ஒவ்வொருவரையும் பார்க்க முடியாவிட்டால், எல்லாருடைய தண்ணீரும் சேரும் இடத்தைப் பார்ப்பது. வடிச்சல் குடாவில் விழும் முனையில் ஒரு அளவு. அதைத் தாண்டினால் கண்டம் முழுவதும் பொறுப்பு.

இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1983இல் கலிபோர்னியாவின் கெஸ்ரசன் நீர்த்தேக்கத்தில் பறவைக் குஞ்சுகள் உருக்குலைந்து பொரித்தன. பாசன வடிச்சலில் வந்த செலீனியம் என்ற மூலகம்தான் காரணம். 1996 முதல், கிராஸ்லாண்ட் என்ற பகுதியின் பாசன வட்டாரங்கள் சேர்ந்து, மாதத்துக்கும் ஆண்டுக்கும் இவ்வளவுதான் செலீனியம் விடுவோம் என்று ஒப்புக்கொண்டன; தாண்டினால் சேர்ந்தே பணம் கட்ட வேண்டும். எப்படிக் குறைப்பது என்பதை அதிகாரி சொல்லவில்லை. அவர்களே வடிச்சல் தண்ணீரைத் திரும்பப் பாய்ச்சினார்கள், உப்பைத் தாங்கும் புல்லுக்கு விட்டார்கள், தண்ணீருக்கு விலை வைத்தார்கள். அளவு வருடாவருடம் இறங்கியது.

நமக்குச் செலீனியம் இல்லை. ஆனால் அந்த அமைப்பு நமக்கு அந்நியமும் இல்லை. ஆரம்பக் கூட்டம் என்ன செய்கிறது? தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, மாட்டை வயலிலிருந்து அகற்றும் திகதி. எல்லாரும் சேர்ந்து எடுத்து எல்லாரையும் கட்டும் தீர்மானங்கள். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அந்தத் தீர்மானங்களுக்குச் சட்ட வலு கொடுக்கிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புக்கு ஓர் இருப்பைக் கொடுக்கிறது. புதுச் சட்டம் கேட்டு யாரிடமும் போக வேண்டியதில்லை. மாடு பற்றிய தீர்மானத்துக்கு அடுத்த வரியில் வக்கடை பற்றி ஒரு வரி எழுதலாம்.

அளப்பது எதை? மருந்தை அளக்கப் பணம் வேண்டும், விட்டுவிடுங்கள். கலங்கலை ஒரு நீளக் கண்ணாடிக் குழாயில் பார்க்கலாம்: அடியில் கறுப்புக் குறி எத்தனை சென்ரிமீற்றர் தண்ணீரூடாகத் தெரிகிறது என்பது மட்டும். நைத்திரேற்றுக்குத் தோய்த்துப் பார்க்கும் தாள் போதும். சரியான இலக்கம் வராது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். போத்தல் பிடிக்கும்போது ஒரு விவசாயியும் ஒரு மீனவரும் சேர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் எந்தப் பக்கமும் நம்பாது.

குறை என்ன? பத்துப் பேரில் ஒருவர் செய்த தப்புக்குப் பத்துப் பேர் தண்டம் கட்டினால் அடுத்த போகம் ஒற்றுமை இருக்காது. ஆகவே இந்த வழி தனியாக நிற்காது. மறித்து வைக்கும் விதியோடு சேர்ந்தால்தான் நிற்கும். முனையில் அளவு ஏறினால் வட்டவிதானை வாய்க்காலோடு மேலே நடந்து போய்த் திறந்த வக்கடையைக் கண்டுபிடிப்பார். அதற்கு அவருக்கு ஏக்கருக்குக் கொடுக்கும் நெல்லில் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். சும்மா வேலை கூட்டினால் அவர் பார்த்தும் பாராதவர்போலப் போவார், அதில் அவர்மேல் பிழையில்லை.

இன்னொன்று: கண்டத்தின் தலைப்பிலும் அளக்க வேண்டும், முனையிலும் அளக்க வேண்டும். மேல்கண்டத்தின் அழுக்கு உங்கள் கணக்கில் விழக்கூடாது. திருகோணமலை நகரத்துக்குக் குடிதண்ணீர் கந்தளாயிலிருந்து வருகிறது; அந்தக் குளத்துக்கு மகாவலித் தண்ணீர் மின்னேரியா, கௌடுல்ல பக்கமாக வருகிறது. நாம் கீழே கேட்கும் கேள்வியை ஒருநாள் நகரத்துக்காரர் மேலே பார்த்துக் கேட்க வேண்டிவரும்.

## வடிச்சலில் பன்னும் புல்லும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடிச்சல் முனையில் தண்ணீரை மெதுவாக்கும் ஒரு பள்ளக் குட்டை, ஓரத்தில் பன்னும் புல்லும். சேறு அங்கே படியும், வேர்கள் கொஞ்சம் நைதரசனைக் குடிக்கும். மாரியில் ஓரளவாவது வேலை செய்யும் வழி இதுதான். பன் வெட்டினால் பாய் இழைக்கலாம்.

வெட்டத்தான் வேண்டும். வெட்டாமல் விட்டால் அது அங்கேயே அழுகி, குடித்ததையெல்லாம் திரும்பத் தண்ணீருக்கே கொடுக்கும். ஆற்றுவாழை, சல்வீனியா போன்ற மிதக்கும் களைகள் புகுந்தால் வாய்க்கால் அடைத்து மேல்வயல் மூழ்கும். அன்றைக்கு விவசாயி இயந்திரத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் வழித்தெடுப்பார், சரியாகத்தான். புதிதாக நிலம் எடுத்துச் செய்யச் சொல்லமாட்டேன். ஏற்கனவே இருக்கும் வாய்க்கால் ஒதுக்கையும் குடா ஓரத்துக் கண்டல்களையும் வெட்டி வயலாக்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

## மணலுக்கு வந்தால்

நிலாவெளி அக்காவின் தோட்டத்தில் வக்கடை இல்லை, வடிச்சல் இல்லை, முனையும் இல்லை. மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது வழிகள் அங்கே செல்லாது. வெங்காயத்தின் வேர் மேலோட்டமானது. மோட்டர் போட்டு ஊற்றும் தண்ணீர் அந்த வேரைத் தாண்டி இறங்கும்போது நைத்திரேற்றையும் கூட்டிக்கொண்டு இறங்குகிறது. மணல் அதைப் பிடிக்காது. பிறகு அதே கிணற்றிலிருந்து அதையே இறைக்கிறோம். கற்பிட்டி மணலிலும் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலும் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது இப்படித்தான்.

இங்கேதான் இரண்டாவது வழி, அளவு, முதலிடத்துக்கு வருகிறது. பசளையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துப் போடுவது. தண்ணீரையும் அப்படியே, கொஞ்சமாக அடிக்கடி ஊற்றுவது. தூவல் பாசனம் கட்டுமென்றால் அது. வெங்காயம் கிளப்பிய பின் மாரிக்கு முன்னால் சோளமோ வேறு ஏதாவதோ ஒன்றைப் போட்டு மிஞ்சிய நைதரசனை அதன் வேரால் எடுப்பது. சும்மா கிடக்கும் தோட்டத்தில் முதல் மழை விழுவதுதான் கிணற்றுக்கு ஆகக் கெட்டது.

மாட்டெருவும் கோழி எருவும் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். எருவிலிருக்கும் நைதரசனும் கடைசியில் நைத்திரேற்றாகத்தான் மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1991இல் கொண்டுவந்த நைத்திரேற்றுப் பணிப்புரை எல்லை போட்டதே எருவுக்குத்தான்: பாதிக்கப்படக்கூடிய பகுதிகளில் ஹெக்டேயருக்கு ஆண்டுக்கு 170 கிலோ நைதரசனுக்கு மேல் எருவாகப் போடக்கூடாது.

இப்போது அக்காவின் கேள்வி. குடிதண்ணீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஆபத்து முக்கியமாகப் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு. அதன் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறியும். குளோரினும் அதை எடுக்காது. ஆய்வறிக்கை வந்தால் இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டாம்: "நைத்திரேற்று" என்று 10 போட்டிருந்தால் பயமில்லை, "நைத்திரேற்று நைதரசன்" என்று 10 போட்டிருந்தால் அது ஏறத்தாழ 44, எல்லைக்குக் கிட்ட நிற்கிறது. பரிசோதிக்கும் வரை பேரப்பிள்ளையின் பாலுக்குத் தோட்டக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குழாய்த் தண்ணீர், அல்லது தோட்டத்திலிருந்து தள்ளியுள்ள கிணறு. கிணற்றுக் கட்டருகே பசளை கரைப்பதையும் மருந்துத் தாங்கி கழுவுவதையும் இன்றைக்கே நிறுத்தலாம். அதற்கு எந்தக் கூட்டமும் தேவையில்லை.

## செயலாளருக்கு

தம்பலகாமத்துக்கு, அதேபோல வெருகல் ஆற்றுத் தண்ணீர் பாயும் அல்லைத் திட்டத்துக்கும், நான் எடுப்பது மூன்றாவது வழியும் நான்காவது வழியும் சேர்ந்தது. தீர்மானத்தை இப்படி எழுதிக்கொண்டு போகலாம்:

"பலகை அடித்த வயலின் தண்ணீரை ஒரு முழு நாள் கழியாமல் வடிச்சலில் விடக்கூடாது. பசளை எறிந்த, மருந்தடித்த வயலின் வக்கடையை ஏழு நாளுக்குத் திறக்கக்கூடாது. மழை வெள்ளத்துக்கும் உவர்க் காணிக்கும் வட்டவிதானை விலக்குக் கொடுக்கலாம். ஒரு வாய்க்கால்காரர் ஒரே முறைத்தண்ணீரின் பின் யூரியா இட வேண்டும். கண்டத்தின் தலைப்பிலும் முனையிலும் கிழமைக்கு ஒருமுறை கலங்கலும் நைத்திரேற்றும் பார்த்து எழுத வேண்டும்."

சிறுபோகத்தில் தொடங்குங்கள். தண்ணீர் கையில் இருக்கும்போது பழகினால்தான் மாரியில் பாதியாவது நடக்கும். முதல் போகத்தில் தண்டம் வைக்க வேண்டாம். எந்த அளவு நியாயமான அளவு என்று தெரியாமல் தண்டம் வைத்தால் சண்டைதான் மிஞ்சும். எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள், எழுதுவதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள், கமநல சேவை நிலையத்துக் கோப்பில் அல்ல. அப்புறம், ஆரம்பக் கூட்டத்துக்குக் கிண்ணியா மீனவர் சங்கத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். போத்தல் பிடிக்க அவர்களும் வேண்டும். உங்கள் வடிச்சல் முனைக்குத் தோணியில் வர அவர்களுக்குக் கால் மணித்தியாலம்தான்.